பங்கு வைத்த வெளிச்சம்

ஒரு காலால் அரிவாள்மணையை அழுத்திக்கொண்டு, இரண்டு கண்களையும் இறுக மூடியபடி அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மைசூர் ஈரங்கெரே கத்தரிக்காய், இளம்பச்சையாக, நீளமாக இருக்கும். துண்டுகள் ஒரே அளவாகத் தண்ணீர்ச் சட்டியில் விழுந்துகொண்டிருந்தன. இடுப்பில் குழந்தையோடு சமையலறை வாசலில் நின்ற எனக்கு முதலில் அவள் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்றுதான் தோன்றியது. "தூங்கறீங்களாக்கா? கை போயிருமுங்க" என்றேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. காம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, கிள்ளி எறிந்துவிட்டு, "கைக்குத் தெரிஞ்ச வேலைக்குக் கண்ணு எதுக்குடி?" என்றாள். நான் சிரித்தேன். அக்காவுக்கு எதையும் விளையாட்டாகச் செய்யத் தெரியும். இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். அரிவாளின் வளைந்த முனை அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. மகாராஜா ஆட்சி நடந்த நாட்களில், மைசூர் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் நாங்கள் கூட்டாக இருந்தோம். என் கணவருக்கு ரயில் பட்டறையில் வேலை. அவருடைய அண்ணனை வீட்டில் எல்லோரும் மூத்தவர் என்போம். அவர் ரயிலில் கார்டு. வாரத்தில் பாதி நாள் அரசிக்கெரே, பெங்களூர் என்று வண்டியோடு போய்விடுவார். மாமியார் இருந்தார். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். நான் கொள்ளேகால் பக்கத்துக் காட்டுப் பூமியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். அக்காவோ ஜோலார்பேட்டையில் ரயில்வேக் குடியிருப்பில் வளர்ந்தவள். கையில் புத்தகம் இல்லாமல் அவளை நான் பார்த்த நாள் கிடையாது.

அவள் படித்ததெல்லாம் கதைப் புத்தகங்கள். பெங்களூரில் கண்டோன்மெண்ட் என்கிற தண்டுப் பகுதியில் தமிழ் நாவல்களை வாடகைக்குத் தரும் ஒரு கடையிலிருந்து மூத்தவர் கொண்டுவருவார். சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கைவிளக்கும் வைக்கிற தகரப் பெட்டியில், மேலே துண்டைப் போட்டு மூடி, நான்கு புத்தகங்கள் வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அவற்றை எடுத்து மாடத்தில் வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் அக்கா வந்து எடுக்கிறவரை அந்த இடத்தைவிட்டு நகரவும் மாட்டார்.

இத்தனைக்கும் படிப்பினால் வீட்டு வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காலையில் சமையல், பெண்களுக்குத் தலை பின்னுவது, மாமியாருக்கு வெந்நீர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பின்கட்டு வாசற்படியில் கொய்யா நிழலில் நாவல். அப்புறம் ஒரு மணி நேரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தையலும் பாடமும். தையல் என்றால் தசராக் கொலுவின் மரப்பொம்மைகளுக்கு விரற்கடை அளவில் பட்டுச் சட்டையும் ஜரிகைப் பாவாடையும். பாடம் என்றால் லோயர் செகண்டரி பரீட்சை. தனியாக எழுதித் தேறினால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி ஆகலாம் என்பது அவள் ஆசை. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, தடுக்கவும் வழியில்லை. "எல்லாத்துக்கும் ஒரு பங்கு வச்சுட்டா எதுவும் எதையும் தின்னாது" என்று அக்கா சொல்வாள். அந்த வீட்டில் எனக்கு முதலில் மனப்பாடமான வாக்கியம் அதுதான்.

படித்த கதையை மறுநாள் காலை வேலைக்கு நடுவே எனக்குச் சொல்வாள். உளுந்து ஆட்டும்போது ஜமீன் மாளிகையில் கொலை நடக்கும். துணி அலசும்போது இறந்துபோனவன் மாறுவேடத்தில் திரும்பி வருவான். சரியான இடம் பார்த்து நிறுத்துவாள். "அப்புறம்?" என்று கேட்டால், "அப்புறம் நான் இன்னும் படிக்கல" என்பாள். வேற்றூரில், வேற்று மொழி பேசும் தெருவில், என் வயதுப் பெண் ஒருத்தியும் பழக்கமாகாத அந்த நாட்களில், அந்த 'அப்புறம்' இல்லாவிட்டால் நான் எப்படிக் காலம் தள்ளியிருப்பேன் என்று தெரியவில்லை. பகல் சாப்பாடு முடிந்ததும் அக்காவின் பங்கு வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளைப் பின்கட்டுக்குத் துரத்துவேன். அன்பு பாதி; மிச்சப் பாதி கதைப்பசி. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததில் இந்தப் பசிக்கும் ஒரு பங்கு உண்டு.

எனக்கு வயிற்றில் ஏழு மாதம் இருந்தபோது வந்த தசராவில் அரண்மனை விளக்கு பார்க்கப் போனோம். பொழுது சாய்ந்ததும் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்; ஒரே கணத்தில் கோபுரமும் வளைவும் மதிலும் பொன்னாக எரியும். எல்லோரும் "ஓ" என்றார்கள். அக்கா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. "ஒவ்வொரு பல்பைச் சுத்தியும் ஒரு வளையம் தெரியுது பாரு. வானவில் கணக்கா" என்றாள். நான் பார்த்தேன். எனக்கு விளக்குதான் தெரிந்தது. "எனக்குத் தெரியலீங்கக்கா" என்றேன். "நல்லா பாரு" என்றாள். அந்தக் குரலில் இருந்தது ஆசை இல்லை, கெஞ்சல் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. கதை படிக்கிறவர்கள் இப்படித்தான் அழகாக எதையாவது சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டேன். வீடு வரும்வரை அவள் தெருவிளக்கு ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு கொலுவுக்குப் பொம்மைகள் பழைய சட்டையோடே நின்றன. ஊசி கோக்க நேரமில்லை என்றாள். பிறகு பரீட்சைப் பாடத்தை விட்டாள். மூத்தவர் விண்ணப்பத் தாளை வாங்கிவந்து, தாமே பெயர் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அதை மடித்து அவரிடமே கொடுத்தாள். அவர் கோபித்து நான் கேட்டது அன்றுதான். "கதைப் புஸ்தகத்துக்கு டைம் இருக்கு, பரீட்சைக்கு இல்லையா? ஏழு வருஷமா நீதானே சொல்லிட்டிருந்தே?" "பிடுப்பா, பிடு. படிச்சு என்ன ஆகணும் அவளுக்கு?" என்றார் மாமியார்; 'விடு' என்பதற்குக் கன்னடத்துப் 'பிடு'தான் அவர் வாயில் ஊறிப்போயிருந்தது. எனக்கும் அது புதிராகத்தான் இருந்தது. விடுவதாக இருந்தால் நாவலை அல்லவா விட்டிருக்க வேண்டும்? அவளோ தையலின் பங்கையும் பாடத்தின் பங்கையும் எடுத்து நாவலுக்கே கொடுத்தாள். மற்ற வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகினாள். அரிசி களைவது, பெண்களுக்குப் பின்னலிடுவது, அடுப்படியிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை அடி எண்ணி நடப்பது. பதினோரு அடி. உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன்.

தலைவலி என்று சில நாள் படுத்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வாசல் நிலையில் தோள் இடித்துக்கொள்வாள், எப்போதும் இடது தோள். ஒருநாள் நாங்கள் இருவரும் குழந்தையோடு மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, இடப்புறம் மணியடித்துக்கொண்டு வந்த ஜட்கா வண்டியின் முன்னால் அக்கா நேராக நடந்து போனாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்திராவிட்டால் குதிரை அவள் மேலேதான் ஏறியிருக்கும். "கண் காணல்வேனம்மா?" என்று வண்டிக்காரன் கத்திவிட்டுப் போனான். கண் தெரியவில்லையா என்று ரோட்டில் யாரையும் கேட்கிற கேள்விதான் அது. அக்கா வெளுத்துப்போய் நின்றாள். பக்கத்தில் ஒரு மரத்தடி மேடையில் உட்கார வைத்தேன். கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே பார்த்தபடியே பேசினாள்.

"இந்தப் பக்கத்துக் கண்ணு முக்கால்வாசி போயிடுச்சுடி."

எனக்குப் புரியவில்லை. "என்னங்கக்கா சொல்றீங்க?"

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான். மொதல்ல விளக்கைச் சுத்தி வளையம். அப்புறம் பக்கத்துல இருக்கறது தெரியாது. அப்புறம் எதுவும் தெரியாது. நாப்பது வயசுல ரெண்டும் போச்சு. யாரோ ஒருத்தன்கிட்டக் கூட்டிட்டுப் போய்க் கண்ணைக் கீறினாங்க. ராப்பகலா அலறினா. நான் பாத்தேன்."

"டாக்டருகிட்ட…"

"எந்த டாக்டரும் வேணாம். வைத்தியர் அப்பவே சொன்னார், கண்ணுல இருக்கற வெளிச்சம் எண்ணெய் மாதிரி, எரிச்சா தீந்துடும்னு. நான் சேத்து வச்சுச் செலவு பண்றேன். கத்தரிக்காய்க்கு எதுக்கு, அரிசிக்கு எதுக்கு? புள்ளைங்க மூஞ்சியைப் பாக்கக் கொஞ்சம். மிச்சம் புஸ்தகத்துக்கு."

"பரீட்சை?"

"பரீட்சை நாளைக்குத்தானே. கதை இன்னிக்கு."

குழந்தை என் மடியில் இருந்தாள். அப்போது பத்து மாதம். அக்கா என் கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தாள். "யாருக்கும் சொல்லமாட்டேன்னு உம் புள்ள மேல சத்தியம் பண்ணு. தெரிஞ்சா அந்த நிமிஷமே புஸ்தகத்தைப் பிடுங்கிடுவாங்க. அதுக்கப்புறம் நான் எதைப் பாக்கறதுக்குக் கண்ணை வச்சிருக்கணும்?" நான் சத்தியம் செய்தேன். பயத்தில் செய்தேன், இரக்கத்தில் செய்தேன். புத்தகத்தைப் பிடுங்கினால் எனக்கும் கதை நின்றுவிடுமே என்ற எண்ணம் அந்த மேடையிலேயே, அந்த வெயிலிலேயே, ஒரு மின்னல்போல வந்து போனதையும் மறைப்பதற்கில்லை.

அதற்குப்பின் ஏழெட்டு மாதம் அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றோடு நடமாடினேன். அக்கா அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும்போதெல்லாம் என் மூச்சு நிற்கும். அவள் இடப்பக்கமாகவே நடக்கப் பழகினேன். வாசற்படியில் கிடக்கும் செருப்பை எடுத்து ஓரமாக வைப்பேன். மாலையில் விளக்கைப் போட்டதும் அவள் முகத்தைப் பார்ப்பேன். சாமுண்டி மலைப்பக்கம் திரும்பிக் கும்பிடும்போது என்ன வேண்டுவது என்றே தெரியாது. கண் நிற்கட்டும் என்றா, விஷயம் தெரியாமல் இருக்கட்டும் என்றா? ஆனால் காலையில் உளுந்து ஆட்ட உட்கார்ந்ததும், "அப்புறம் என்னங்கக்கா ஆச்சு?" என்று கேட்டுவிடுவேன். அவளும் சொல்வாள். அந்த மாதங்களில் அவள் சொன்ன கதைகள்போல அதற்கு முன் சொன்னதில்லை. தீரப்போகிற பண்டத்தைப் பரிமாறுகிற கை அது.

சோறு வடிக்கும் நேரத்தில் அது நடந்தது. முற்பகல் பதினொரு மணி இருக்கும். நான் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குழந்தை தவழ்ந்து, எழுந்து, தத்தித் தத்திச் சமையலறைக்குள் போயிருக்கிறாள். அக்கா கொதிக்கும் கஞ்சிப் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினாள். குழந்தை அவளுக்கு இடப்பக்கம் நின்றாள்.

அலறல் கேட்டு நான் ஓடியபோது அக்கா தரையில் மண்டியிட்டுக் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆமாம், தேடிக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு முழ தூரத்தில் கிடந்து துடித்தது. அக்காவின் கை வேறு பக்கம் துழாவியது. குழந்தையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தது. வாழைக்குருத்தை விரித்துக் கிடத்தினோம். டாக்டர் வந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். காய்ச்சல் நான்கு நாள் இறங்கவில்லை. சத்தியம் செய்த தலையை மடியில் வைத்துக்கொண்டு நான்கு நாளும் உட்கார்ந்திருந்தேன்.

"புஸ்தகப் பைத்தியம் புடிச்சு, புள்ள கால்ல கஞ்சியைக் கொட்டிட்டா. நெனப்பெல்லாம் அந்தக் கதையிலேயே இருந்தா கண்ணு எப்படித் தெரியும்?" என்று மாமியார் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மூத்தவர் வண்டியிலிருந்து இறங்கி வந்ததும் அவரிடமும் அதையே சொன்னார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் என்னைத் தவிர எல்லோரையும் பார்த்தாள். "ஆமா. படிச்சதை நெனச்சுட்டே இருந்துட்டேன். என் தப்புதான்" என்றாள். மூத்தவர் மாடத்திலிருந்த புத்தகங்களை எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அடுத்தமுறை பெங்களூர் போய்வந்தபோது பெட்டியில் கொடியும் விளக்கும்தான் இருந்தன.

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சத்தியத்தை மீறினால் குழந்தைக்கு இன்னும் என்ன ஆகுமோ என்று பயம். அதைவிடப் பெரிது கோபம். என் குழந்தையின் கால் வெந்தது. அவள் கண் போனால் போகட்டும் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் நான் அவளோடு பேசவில்லை. அவள் இப்போது எல்லா வேலையையும் கண்ணைத் திறந்துகொண்டே செய்தாள். இனி எதற்காகச் சேர்த்து வைப்பது? ஒருநாள் காலையில் தன் இளைய பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, கதவுச் சந்து வழியாகப் பார்ப்பதுபோல ஒரு கண்ணால் பார்த்தாள். நெற்றி, அப்புறம் மூக்கு, அப்புறம் வாய், துண்டு துண்டாக. "என்னம்மா பாக்கறே?" என்று அவள் நெளிந்தாள். "ஒண்ணுமில்ல, போ" என்றாள் அக்கா. அதற்குமேல் என்னால் முடியவில்லை. குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூத்தவரோடு நேருக்கு நேர் நான் பேசும் வழக்கம் இல்லை. என் கணவர் போய்த் தம் அண்ணனிடம் சொன்னார்.

மறுநாளே பெங்களூருக்குப் புறப்பட்டோம். துணைக்கு நான் போனேன். கண் டாக்டர் வயதானவர், தமிழ் பேசுகிறவர். இருட்டறையில் வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"இந்த நோய் உங்கம்மாவுக்கு இருந்துதா?"

"இருந்துது."

"விளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்சிருக்குமே. எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. அரண்மனை விளக்கு பாக்கப் போனப்ப."

டாக்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "அப்பவே வந்திருந்தா ரெண்டு கண்ணையும் நிறுத்தியிருக்கலாம். இடது கண்ணு போனது போனதுதான். வலது கண்ணுல ஒரு ஓட்டை அளவு பாக்கி. ஆபரேஷன் பண்ணினா அது கொஞ்ச வருஷம் நிக்கலாம். நிச்சயம் சொல்லமாட்டேன்."

மூத்தவர் தொண்டையைச் செருமினார். "ரொம்பப் படிச்சதுனால வந்துதுங்களா?"

"படிச்சதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. புஸ்தகத்தையே தொடாம இருந்தாலும் வரும். கண்ணைக் கட்டி வச்சிருந்தாலும் வரும்."

அக்கா மெல்லச் சிரித்தாள். "அப்ப கத்தரிக்காயைப் பாத்தே நறுக்கியிருக்கலாம்" என்றாள். டாக்டருக்கு அது விளங்கவில்லை. மூத்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். வளையம் தெரிகிறதா பார் என்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்தபோது பக்கத்தில் நின்றவள் நான். அந்த அறையில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அறுவைக்குப் பிறகு வலது கண்ணில் அந்த ஓட்டை மிஞ்சியது. வீடு திரும்பிய அன்று மூத்தவர் பெட்டியின் பூட்டைத் திறந்து புத்தகங்களை மாடத்தில் வைத்தார். "இனிமே சமையல் உனக்கு, புஸ்தகம் எனக்கு" என்று அக்கா என்னிடம் சொன்னாள். மாமியார்கூட வாய் திறக்கவில்லை. பகலெல்லாம் பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, ஒரு சொல், அடுத்த சொல் என்று படித்தாள். நான் அடுப்படியில் நின்றபடி கதை கேட்டேன். குழந்தை நடந்தாள், ஓடினாள், தழும்போடு பள்ளிக்கூடம் போனாள். யுத்தம் வந்தது. காகிதம் மட்டமாகி, எழுத்து மங்கலாகி, புத்தகங்கள் மெலிந்தன. அக்கா அப்போதும் படித்தாள். பக்கம் புரளும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்தில் அவள் சொன்ன கதைகள் மாறிவந்ததை நான் கவனித்தேன், காரணம் யோசிக்கவில்லை. ஜமீன் மாளிகைகள் போய்விட்டன. மலையும் மலைமேல் கோயிலும் உள்ள ஓர் ஊர் வந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு பெரியவள், ஒரு சின்னவள். பெரியவளுக்கு ஒரு நோய். அது சின்னவளுக்கு மட்டும் தெரியும். "ஏங்கக்கா சொல்லாம இருந்தா? பாவி!" என்று ஒருநாள் நானே கேட்டேன். "அது இன்னும் வரல" என்றாள் அக்கா.

மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. படியில் கிடந்த புத்தகத்தை எடுத்து, அடையாளத்துக்குக் கொண்டை ஊசி வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, எழுத்துக் கூட்டினேன். கப்பலில் யாரோ வைரம் திருடுகிறார்கள். முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். மலை இல்லை, தண்டவாளம் இல்லை, பெரியவள் இல்லை, சின்னவள் இல்லை. எத்தனை நாளாக? எத்தனை மாதமாக? குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த முறை நான் யாரையும் தூது விடவில்லை. அன்று மாலை மூத்தவர் கோட்டைக் கழற்றி மாட்டும்போது எதிரே போய் நின்றேன். "அக்காளுக்குச் சுத்தமாக் கண்ணு தெரியலீங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும்மா" என்றார். "போன மாசம் அவசரத்துல தெலுங்குப் புஸ்தகம் ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டேன். அதையும் வாங்கிட்டுப் போய்ப் படிச்சா. மறுபடி டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன், இனி ஒண்ணும் பண்றதுக்கில்லையாம். அவளாச் சொல்றவரைக்கும் விடு." கோட்டை மாட்டிவிட்டு, "நான் கொண்டுவர்றதை நிறுத்தமாட்டேன்" என்றார்.

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இதே நோய்க்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை, கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான். மறுபடி பேப்பரை விரித்துக்கொள்கிறார்கள். சத்தியம் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பது நாட்கள் நினைவுக்கு வரும். புத்தகத்தில் இல்லாத கதை என்று தெரிந்துகொண்டே, ஒன்பது நாள் அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். பெரியவளுக்குப் பார்வை போயிற்று. சின்னவளின் குழந்தை கொதிநீரில் வெந்தது. சின்னவள் பெரியவளோடு பேசாமல் இருந்தாள். ஒவ்வொரு நாளும் கதை என்னை நெருங்கி நெருங்கி வந்தது. 'அப்புறம்?' என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. அவள் தானாகவே சொல்லிக்கொண்டு போனாள். சின்னவளுக்கு என்ன முடிவு வரப்போகிறது என்று, தீர்ப்புக்குக் காத்திருப்பவள்போல நின்றேன்.

பத்தாம் நாள் அக்கா பாதியில் நிறுத்தினாள். மடியில் புத்தகம் விரிந்திருந்தது.

"இந்தச் சின்னவளை என்ன பண்றதுன்னு தெரியல. நாலு நாளா யோசிக்கிறேன். நீ சொல்லு."

உலை கொதித்துக்கொண்டிருந்தது. "புஸ்தகத்துல என்னங்கக்கா போட்டிருக்குது?" என்றேன்.

"அது உனக்குத்தான் தெரியுமே. கொண்டை ஊசியை நாலு பக்கம் தள்ளி வச்சிருந்தே."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அவ சொல்லியிருக்கோணுங்கக்கா. மொத நாளே சொல்லியிருக்கோணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா கதை நின்னிருக்கும். அவளுக்குக் கதை வேணும். அது பெரியவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதானே அவகிட்டப் போய்ச் சத்தியம் கேட்டா?" அக்கா முகத்தைக் கொய்யா மரத்துப் பக்கம் திருப்பினாள். பார்ப்பதற்கு அங்கே அவளுக்கு எதுவும் இல்லை. "சரி, விடு. பொழச்சுப் போகட்டும்."

விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

"ம். அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளு" என்றாள்.

நான் கேட்டேன்.